ஊருக்குள்ளேயே கட்டட்டும்

வீடு கட்டும் விதிகளைத் தளர்த்தினால் தனியாரே எல்லோருக்கும் வீடு கட்டிக் கொடுத்துவிடுவார்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சென்னையில் அப்படியா நடந்தது? 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்த புதிதில் குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு கட்டினார்கள், அப்புறம் ஊருக்குள் நிலத்தின் விலை ஏற ஏற, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஏழைகளை வெளியே தள்ளிக்கொண்டே போனார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரையில் இருந்தவர்களைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துப் பக்கம், அதாவது மழைக்குத் தண்ணீர் தேங்குகிற இடத்திலேயே குடிவைத்தது கொடுமை. நகரத்தில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைத்த அம்மா இப்போது இருட்டோடு எழுந்து பஸ்ஸுக்கு நிற்கிறார். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம்தான், சரி, வழியில் போகிற நேரத்தை யார் திருப்பித் தருவார்கள்? ஊருக்குள் இருக்கிற அரசு நிலத்தை ஏலம் விடாமல் முதலில் இவர்களுக்குக் கட்டுங்கள்.