பிளக்கருக்குக் கோப்பை இல்லையாம், அதனால்?

ஆஸ்திரேலியக் கால்பந்தில் 'பிளக்கர்' என்று பெயர் வாங்கிய டோனி லாக்கெட் பேச்சை எடுத்தாலே யாராவது ஒருத்தர், "எல்லாம் சரி, பிரீமியர்ஷிப் கோப்பை ஒண்ணுகூட ஜெயிக்கலையே" என்று மூக்கை நுழைப்பார். இந்த வாதம் எனக்குச் சுத்தமாகப் பிடிப்பதில்லை.

281 ஆட்டம், 1360 கோல். அந்த ஆட்டத்தின் பெரிய லீகான ஏஎஃப்எல் வரலாற்றில் இதுதான் உச்சம். 2023-ல் ஓய்வுபெற்ற லான்ஸ் ஃப்ராங்க்ளின் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரர்! அவருக்கே 354 ஆட்டத்தில் 1066 தான்.

கோப்பை ஏன் இல்லை என்று கேட்பவர்கள் அவருடைய முதல் அணியான செயின்ட் கில்டா அன்று இருந்த நிலைமையையும் பார்க்க வேண்டும். 1983-ல் பையனாக உள்ளே வந்தார். அந்த வருடம் தொடங்கி 1986 வரை நான்கு சீசனும் அணி கடைசி இடம். பந்து முன்களத்துக்கு வந்து சேர்வதே பெரும்பாடு. வந்த பந்தை வைத்துக்கொண்டு 1987-ல் 117 கோல் அடித்து, ஹாதார்ன் அணியின் ஜான் பிளாட்டனோடு, சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ மெடலைப் பகிர்ந்துகொண்டார். நடுக்கள ஆட்டக்காரர்களுக்கே வாரிக் கொடுக்கும் விருது அது. கோலுக்குப் பக்கத்தில் நின்று கோல் அடிப்பதே வேலையான ஃபுல் ஃபார்வர்ட் ஒருவருக்குப் போனது அதுதான் முதல் தடவை.

ஆளை மகானாக்கவும் நான் தயாரில்லை. 1994-ல் சிட்னி மைதானத்தில் சிட்னி அணியின் பீட்டர் கேவன் முகத்தில் முழங்கையால் இடித்து மூக்கை உடைத்தார். எட்டு ஆட்டம் தடை. கொடுத்தது சரிதான். வேடிக்கை என்னவென்றால், அடுத்த வருடமே அதே சிட்னி அணிக்கு ஆட வந்துவிட்டார். அதற்கு முன் 1993-ல் அங்கே ஒரு பன்றி மேல் அவருடைய 4-ஆம் எண்ணை எழுதி மைதானத்தில் ஓடவிட்டுக் கேலி செய்திருந்தார்கள். அந்த ஊர்தான் பிறகு அவரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டது.

காரணம், 1996 பிரிலிமினரி ஃபைனல், அதாவது அரையிறுதி. எஸெண்டன் 70, சிட்னி 70. கடைசி நொடிகளில் பந்தைப் பிடித்துவிட்டார். சைரன் ஊதியாயிற்று, ஆனால் பிடித்தவருக்கு உதைக்கும் உரிமை உண்டு. தொடையிடுக்கில் காயம், இலக்கோ ஐம்பது மீட்டருக்கும் மேல். நடுக் கம்பங்களுக்குள் போனால் 6 புள்ளி, பக்கத்தில் போனால் 1. இவர் உதைத்தது பக்கத்தில்தான் போனது. 71-70. 1945-க்குப் பிறகு அந்த கிளப்புக்கு முதல் கிராண்ட் ஃபைனல்! அதில் நார்த் மெல்போர்னிடம் தோற்றார்கள் என்பது வேறு கதை. ஆயிரத்துச் சொச்சம் கோல் அடித்த மனுஷனுக்கு, கோலே ஆகாத ஒரு உதைதான் அந்த ஊரில் பெரிய பெயர்.

1999-ல் பழைய காலத்து ஆட்டக்காரர் கார்டன் கவன்ட்ரியின் 1299 கோலைத் தாண்டினார். அறுபது வருடத்துக்கும் மேல் நின்ற சாதனை. அதுவும் கவன்ட்ரியின் அணியான காலிங்வுட்டுக்கு எதிராகவே. கூட்டம் வேலி தாண்டி மைதானத்துக்குள் பாய்ந்தது.

1360-ஐ இனி யாரும் தொடப்போவதில்லை. இப்போதெல்லாம் பின்களத்தில் ஆட்களைக் குவித்து இடத்தையே அடைத்துவிடுகிறார்கள். ஒரு சீசனில் 100 கோல் என்பது 2008-ல் ஃப்ராங்க்ளினோடு நின்றுபோனது. 2021-ல் ஹாரி மெக்கே அதிக கோலுக்கான கோல்மன் மெடல் வாங்கியது வெறும் 58 கோலுக்கு. லாக்கெட் ஆறு சீசனில் நூறைத் தாண்டியவர்.

என் ஒரே குறை, 2002-ல் திரும்ப வந்து ஆடிய அந்த மூன்று ஆட்டம். கிடைத்தது மூன்று கோல். வராமலே இருந்திருக்கலாம்.