என் தலை, என் உரிமை என்பவர்களுக்கு

என் அக்காள் கணவர் இப்போது அக்காளை ‘அம்மா’ என்று அழைக்கிறார். காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, பித்தானைப் போடத் தெரியாமல் கைகளைத் தொங்கவிட்டபடி நிற்கிறார். அவள் ஒவ்வொன்றாகப் போட்டுவிடுகிறாள். காட்பாடியில் முப்பது ஆண்டுகள் மளிகைக் கடை நடத்தி, யார் எவ்வளவு பாக்கி என்பதை நோட்டைப் புரட்டாமலே சொன்ன மனிதர் அவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, தெருக்கோடிக் கடைக்குப் பால் வாங்கப் புறப்பட்டார். ஹெல்மெட் திண்ணையில் இருந்தது. “மாமா, அதை மாட்டிக்கொண்டு போங்கள்” என்றேன். “இதோ இருக்கிற கடைக்கு எதுக்குப்பா?” என்று சொல்லிவிட்டுப் போனார். தெருவிளக்கு எரியவில்லை, வேகத்தடையில் வெள்ளைக்கோடு இல்லை. வண்டி முப்பது கிலோமீட்டர் வேகத்தைக்கூடத் தாண்டியிருக்காது. உடம்பில் வேறெங்கும் பெரிய காயமில்லை. தலை மட்டும் தரையில் மோதியது.

காவல்துறை ஹெல்மெட் சோதனையை முடுக்கிவிடும் ஒவ்வொரு முறையும் வேலூர் நண்பர்களின் பக்கங்களில் “என் தலை, என் உரிமை, அரசுக்கு என்ன அக்கறை?” என்ற பதிவுகள் வருகின்றன. நான் மதிக்கும் சிலரும் அவ்வாறு எழுதுகிறார்கள். அவர்களுக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். அவர்களுடைய வாதத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. வயதுவந்த ஒருவர் தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுக்கலாம் என்பதும், அரசு எல்லாவற்றிலும் தகப்பன் வேடம் போடக்கூடாது என்பதும் என் நம்பிக்கையும்கூட. மலையேறுபவரையோ, ஆழ்கடலுக்குப் போகும் மீனவரையோ வீட்டிலேயே இரு என்று சொல்லும் உரிமை எந்த அரசுக்கும் கிடையாது.

ஆனால் இருசக்கர வண்டியில் போகும் தலை ஒருவருடையதாக மட்டும் இருப்பது அரிது. 2022ஆம் ஆண்டு இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில், ஹெல்மெட் அணியாமல் போய் இறந்தவர்கள் 50,029 பேர் என்று மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 14,337 பேர் வண்டியை ஓட்டியவர்கள் அல்லர். பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். பக்கவாட்டில் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் மனைவி, பெட்ரோல் டேங்கின் மேல் அமர்ந்து கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வரும் ஆறு வயதுப் பிள்ளை ஆகியோரின் தலைகளைப் பற்றிய முடிவை எடுத்தது யார்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவு நான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்கிறது. பிள்ளைக்கு ஹெல்மெட் மாட்டி வரும் வண்டியை எங்கள் பக்கத்துப் பள்ளி வாசல்களில் ஒரு வாரம் நின்று பார்த்தாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். உரிமை பேசுகிறவர்கள் முதலில் அந்தப் பிள்ளையின் உரிமையிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தனியாகப் போகிறவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 2000ஆம் ஆண்டு தன் சட்டத்தைத் தளர்த்தியபோது, 21 வயதுக்கு மேற்பட்டவர் குறைந்தது 10,000 டாலர் மருத்துவக் காப்பீடு வைத்திருந்தால் ஹெல்மெட் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டலாம் என்று வைத்தது. உன் சுதந்திரத்தின் செலவை நீயே ஏற்றுக்கொள் என்பதுதான் அதன் பொருள். அந்த வாதத்தில் ஒரு நேர்மை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தக் காப்பீடு என் அக்காளின் காலைப் பொழுதுகளுக்கு ஈடு தரும்? மருத்துவமனைச் செலவுக்கு அவள் நகையை அடகு வைத்தாள்; கடையை வாடகைக்கு விட்டாள்; கல்லூரியில் சேரவேண்டிய மூத்தவன் ஒரு வருடம் அப்பாவோடு வீட்டில் உட்கார்ந்தான். “என் தலை” என்று மாமா அன்று வாதாடியிருந்தால்கூட, அந்தத் தலைக்கு இன்று எண்ணெய் வைத்துச் சீவிவிடுகிறவள் அவள்தான்.

ஹெல்மெட் போட்டால் மட்டும் பிழைத்துவிடுவோமா என்று கேட்பவர்கள் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்திருக்க மாட்டார்கள். வெளி ஓட்டுக்கும் துணிக்கும் நடுவே தெர்மகோல் போன்ற ஒரு நுரை அடுக்கு இருக்கிறது. தலை மோதும்போது அது நசுங்கிக்கொடுத்து, கண்ணிமைப்பதற்குள் நின்றுபோக வேண்டிய தலையைச் சற்றே தாமதமாக நிற்க வைக்கிறது. அந்த நொடிப்பொழுதின் சிறு பகுதிதான் மூளையைக் காக்கிறது. அதனால்தான் ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கிய, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, ஹெல்மெட்டால் தலைக்காய அபாயம் 69 விழுக்காடும் இறப்பு அபாயம் 42 விழுக்காடும் குறைகின்றன என்று கண்டது. வார்ப்பட்டையை மாட்டாமல் தொப்பிபோல் கவிழ்த்துக்கொண்டு போகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. காவலர்கள் நிற்கும் கிரீன் சர்க்கிள் சந்திப்புக்கு நூறு அடி முன்னால் முழங்கையிலிருந்து தலைக்கு ஏறி, அதைத் தாண்டியதும் மீண்டும் முழங்கைக்கு இறங்கும் ஹெல்மெட்டுகளை நான் நாள்தோறும் பார்க்கிறேன்.

வெயில் என்பார்கள். அது உண்மையான துன்பம். வெயிலூர் என்றே பெயர் வாங்கிய ஊர் இது. மே மாதப் பகல் பன்னிரண்டு மணிக்குப் பாலாற்றுப் பாலத்தின் மேல் ஹெல்மெட்டுடன் போகிறவரின் வேதனையை நான் மறுக்கவில்லை. காற்றோட்டத் துளைகள் உள்ள, ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற ஹெல்மெட்டும் உள்ளே ஒரு பருத்திக் கைக்குட்டையும் ஓரளவுக்கு உதவும். முழுதாக உதவாது. இருந்தும் போட வேண்டும்.

சட்டத்தின் பக்கம் நிற்கிறேன் என்பதற்காக அரசின் பக்கம் முழுவதும் நிற்கிறேன் என்று பொருளில்லை. 1988லேயே அஜய் கானு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குவது நடமாடும் சுதந்திரத்தைப் பறிப்பதாகாது என்று தீர்ப்பளித்துவிட்டது. எங்கள் ஊர்களில் அது உறைக்கத் தொடங்கியது, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2015 ஜூலை 1 முதல் கட்டாயம் என்று வந்தபோதுதான். 2019ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதம் நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் ரூபாய் ஆனது. கூலிக்குப் போகும் ஒருவருக்கு ஆயிரம் ரூபாய் என்பது வீட்டு அடுப்போடு சம்பந்தப்பட்ட தொகை. அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஹெல்மெட்டே வாங்கிவிடலாம் என்றிருக்கும்போது, முதல் முறை பிடிபடுகிறவர் முத்திரையுள்ள ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு வந்து காட்டினால் அபராதத்தை நீக்கலாம் என்பது என் கருத்து. புது வண்டி விற்கும்போதே ஹெல்மெட் தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138 சொல்கிறது. அதைக் கேட்டு வாங்குகிறவர்களும் குறைவு.

இதைவிடப் பெரிய குறை ஒன்று எனக்கு உண்டு. சாலைச் சுதந்திரம் பற்றிய நம் பேச்சு முழுவதும் வண்டியில் இருப்பவரைப் பற்றியதாகவே இருக்கிறது. நடந்து போகிறவரின் சுதந்திரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதே 2022ஆம் ஆண்டில் 32,825 பாதசாரிகள் இந்தியச் சாலைகளில் இறந்தார்கள். அவர்கள் எந்த ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போவது? வேலூர் ஐடா ஸ்கடர் சாலையில் சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். வங்காளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்தவர்கள், ஸ்கேன் படம் வைத்த பெரிய உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, மறுகையில் நோயாளியைத் தாங்கிக்கொண்டு, ஆட்டோவுக்கும் பேருந்துக்கும் நடுவே தார்ச்சாலையில் இறங்கி நடக்கிறார்கள். நடைபாதை இருக்கும் இடத்தில் கடையின் பலகையும் நிறுத்திய வண்டிகளும் இருக்கின்றன. சாலை அமைப்புக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற பொறியாளர் அமைப்பின் வழிகாட்டுதலின்படி நடைபாதையில் தடையின்றி நடப்பதற்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அவ்வளவு அகலத்தை ஐம்பது அடி தொடர்ச்சியாக நம் நகரில் நான் நடந்து கண்டதில்லை. பயன்படுத்தத் தக்க நடைபாதை என்பது அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வேகக் கட்டுப்பாட்டையும் தனிமனித உரிமையில் கைவைப்பதாகச் சிலர் எழுதுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. கார் மோதும் பாதசாரி இறக்கும் வாய்ப்பு, வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 65 ஆகும்போது நாலரை மடங்கு கூடுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஓட்டுகிறவருக்குக் கிடைப்பது சில நிமிட மிச்சம். அதற்கான விலையைக் கொடுப்பவர், சாலையைக் கடக்க மீடியன் ஓரத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காத்திருக்கும் கிழவி. அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இங்கே சட்டம் யாருடைய சுதந்திரத்தையும் குறைக்கவில்லை. வண்டி வைத்திருப்பவர் எடுத்துக்கொண்டதில் ஒரு பங்கை அவளுக்குத் திருப்பித் தரப் பார்க்கிறது.

ஆகவே “முதலில் சாலையைச் சரிசெய்யட்டும், பிறகு ஹெல்மெட் போடுகிறேன்” என்ற வாதத்தோடு எனக்கு உடன்பாடில்லை. சாலை சரியில்லை என்பதுதான் ஹெல்மெட் போடுவதற்கு முதல் காரணம். அதுபோலவே, என் தலையைக் காக்க என்னிடம் ஆயிரம் ரூபாய் கேட்கும் அரசு, என் தெருவிளக்குக்கும் நடைபாதைக்கும் எனக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கலாம். ஒன்று நடக்கட்டும் என்று மற்றொன்றைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை.

மாமா விழுந்த அந்த வேகத்தடையைப் போட்டது அரசு அன்று, நாங்கள்தான். வேகமாக வந்த ஒரு பைக் தெருப்பிள்ளை ஒருவனை இடித்துத் தள்ளிய பிறகு, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுச் சிமெண்டில் மேடு கட்டினோம். வெள்ளைக்கோடு போட வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இன்றுவரை என் நெஞ்சில் கிடந்து அறுப்பது அதுதான். மேட்டை முறைப்படி அமைத்துத் தெருவிளக்கையும் சரிசெய்து தரக் கேட்டு, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர்வு நாளில் மூன்று முறை மனு கொடுத்திருக்கிறேன். சென்ற ஆண்டு நானும் அக்காள் மகனும் சுண்ணாம்பு அடித்தோம். மழையில் பாதி கரைந்துவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை பெயிண்ட் வாங்கி மறுபடியும் அடிக்கப் போகிறோம்.