பின்னொட்டைக் கணிக்க முடியவில்லையாம்!

வெள்ளிக்கிழமை மாலை 5.15 மணிக்கு, 40 நிமிடம் மூச்சிரைக்க ஓடிவிட்டு, ஜிசிசி என்ற கம்பைலரை (நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தருவது) மூல நிரலிலிருந்து கட்டிக்கொண்டிருந்த அந்த ஆய்வகக் கணினி என் முகத்தில் எறிந்த வாக்கியம் இது: ‘ஆப்ஜெக்ட் கோப்புகளின் பின்னொட்டைக் கணிக்க முடியவில்லை.’ புள்ளி ஓ. அவ்வளவுதான் ஐயா அந்தப் பின்னொட்டு; கம்பைலர் நிரலை மாற்றி எழுதிவைக்கும் ஆப்ஜெக்ட் கோப்பின் பெயருக்கு வால். 1987இல் முதன்முதலாக வெளிவந்த ஜிசிசி, யூனிக்ஸ் கணினிகளில் அன்று தொட்டு இன்று வரை பெற்றுப்போட்ட பிள்ளைகள் அத்தனை பேரின் பெயருக்குப் பின்னாலும் நிற்கும் அதே புள்ளி ஓ. தான் பெற்ற பிள்ளைக்கு இன்ஷியல் என்ன என்று தெருவில் போகிறவரிடம் விசாரிக்கும் தகப்பனை நான் காட்பாடியில் அன்றுதான் சந்தித்தேன்.

மூல நிரலிலிருந்து கம்பைலர் கட்டிப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்ற மூன்று கணித லைப்ரரிகள் (தயார்நிலை நிரல் தொகுப்புகள்) இல்லாமல் அந்த வீட்டுக்குள் காலடி வைக்க முடியாது. ஆவணத்தில் ஜிஎம்பி 4.3.2, எம்பிசி 1.0.1 வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கட்டுவதற்கு முன் கணினியைச் சோதித்துப் பார்க்கும் கான்ஃபிகர் நிரல் கோபித்துக்கொள்ளும்போது 4.2 போதும், 0.8 போதும் என்கிறது. ஆய்வகக் கணினியில் ஏற்கெனவே இருந்த பழைய ஜிஎம்பியைப் பார்த்துவிட்டு, ‘கோளாறானது, ஆனாலும் ஏற்கத்தக்கது’ என்று ஒரு சான்றிதழ் வேறு வழங்கியது. பெண் வீட்டார்கூட மாப்பிள்ளையைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகப் பேசமாட்டார்கள். எம்பிஎஃப்ஆருக்கு அந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. நிர்வாகக் கடவுச்சொல் என் கையில் இல்லாததால், மூன்றையும் என் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே கட்டி நிறுவி, அவை இருக்கும் இடத்தைக் கட்டளையில் தெளிவாகச் சொல்லி, மறுபடியும் ஓட்டினேன். ஜிஎம்பி? ஆம். எம்பிஎஃப்ஆர்? ஆம். எம்பிசி? ஆம். மூன்று ஆம்களையும் என் கண்ணால் பார்த்த பிறகுதான், கட்டும் வேலையைத் தொடங்கும் மேக் கட்டளையைக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

அந்தக் கான்ஃபிகர் கட்டளையின் நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எந்தெந்த மொழிகள் வேண்டும், எங்கே நிறுவ வேண்டும், மூன்று லைப்ரரிகளும் எங்கே இருக்கின்றன, 32 பிட் சங்காத்தமே வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பதற்குள் திரையில் மூன்று வரி ஓடிவிடும். விருப்பங்களின் பட்டியலை ‘ஹெல்ப்’ போட்டுப் பார்க்கலாமே என்பீர்கள். அங்கே தென்படும் சில விருப்பங்கள் வேலை செய்யாமல் போகலாம், ஆவணத்தில் இல்லாதவற்றைப் பயன்படுத்தாதீர்கள் என்று அதே ஆவணம் எச்சரிக்கிறது. பலகையில் எழுதியிருப்பதையெல்லாம் கேட்காதீர்கள், இருப்பதை மட்டும் கேளுங்கள் என்று சொல்லும் உணவகம் இது.

இனி அந்தப் புள்ளி ஓவுக்கு வருகிறேன். விவரங்களுக்கு, நடந்ததையெல்லாம் எழுதிவைக்கும் ‘கான்ஃபிக் லாக்’ கோப்பைப் பார்க்கவும் என்றது. பார்த்தேன். மேல் ஃபோல்டரில் இருந்த லாக் கோப்பு முழுவதையும், அக்னி நட்சத்திரத்தில், ஏசி அணைக்கப்பட்ட அறையில், வரி வரியாகப் படித்தேன். அதில் ஒரு குற்றமும் இல்லை. கான்ஃபிகர் ஒருமுறை ஓடி முடிந்துவிட்டது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும்போது, மேக் ஒவ்வொரு உள் ஃபோல்டருக்குள்ளும் நுழைந்து மறுபடியும் கான்ஃபிகரை ஓட்டுகிறது என்பதும், அதனால் அதே பெயரில் ஒரு டஜனுக்கு மேற்பட்ட லாக் கோப்புகள் அங்கங்கே கிடக்கின்றன என்பதும் பிறகுதான் உறைத்தது. எந்த ஃபோல்டர் என்ற தகவல் பிழைக்கு முந்தைய வரியிலேயே இருந்ததாம். நான்கு வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டதால், அந்த வரி எங்கோ மேலே போய் மற்ற வரிகளுக்குள் கலந்துவிட்டது. அதற்கும் நான்தான் காரணம் என்று யாராவது சொல்வதற்கு முன், தயவுசெய்து ஒரு நாள் என் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள்.

மணி 6.45க்கு, லிப்ஜிசிசி என்ற உள் ஃபோல்டரின் லாக்கில், ஆயிரத்துச் சொச்சம் வரிகளுக்கு நடுவில் அந்த ஒற்றை வரி அகப்பட்டது: எம்பிசி லைப்ரரியின் பகிர்வுக் கோப்பைத் திறக்க முடியவில்லை, அப்படியொரு கோப்பு இல்லை. எந்த எம்பிசி? மாலையில் எதற்கு ‘ஆம்’ என்று சொன்னதோ அதே எம்பிசி! நடந்தது என்னவென்றால், முதல் சோதனையில் கான்ஃபிகர் ஒரு சிறு நிரலை எழுதி, அந்த லைப்ரரியோடு இணைத்துப் பார்க்கிறதே தவிர, ஓட்டிப் பார்ப்பதில்லை. இணைப்பதற்கு நான் சொன்ன முகவரி போதும். ஓடும்போது அந்தக் கோப்பை எங்கே தேடுவது என்பது வேறு கணக்கு, அதை யாரும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. 40 நிமிடம் கழித்து, புதிதாகப் பிறந்த கம்பைலரிடம், ஒன்றுமே செய்யாமல் சுழியத்தைத் திருப்பித்தரும் நான்கைந்து வரி நிரல் ஒன்றைக் கொடுத்தபோது, அது எம்பிசியைத் தேடிக் காணாமல் அங்கேயே விழுந்தது. ஆப்ஜெக்ட் கோப்பு உருவாகவில்லை. கோப்பே இல்லாததால் பின்னொட்டு தெரியவில்லை. ஆகவே பின்னொட்டைக் கணிக்க முடியவில்லை! பந்தி நடக்காததற்குக் காரணம் கேட்டால், இலையின் நுனி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை என்று பதில் சொல்வதைப் போல.

சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்கள் வேலூரைக் கேலி செய்வார்கள். 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குச் சாமி திரும்பி வந்துவிட்டார். பாலாற்றில்கூட எப்போதாவது வெள்ளம் வருகிறது. விவரம் இல்லாத இந்தப் பிழைச் செய்திக்கு மட்டும் விடிவு இல்லை. நயமாகப் பேச அவர்களுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது; 32 பிட் லைப்ரரிகள் இல்லாதபோது, ‘இவை உங்கள் கணினியில் இல்லை என்று சந்தேகிக்கிறேன், இருந்தால் இப்படிச் செய்யுங்கள், இல்லாவிட்டால் அப்படிச் செய்யுங்கள்’ என்று தாய்மாமனைப் போல எடுத்துச் சொல்கிறது இதே கான்ஃபிகர்.

சனிக்கிழமை லைப்ரரிகளின் பாதையை, ஓடும்போது எங்கே தேடுவது என்று சொல்லும் சூழல் மாறியில் சேர்த்தேன். ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று, இணைக்கும்போது தேடும் ‘லைப்ரரி பாத்’ என்ற பாதையிலும் சேர்த்தேன். உடனே அடுத்த புகார்: லைப்ரரி பாத்தில் நடப்பு ஃபோல்டர் இருக்கக் கூடாதாம். நான் எங்கே நடப்பு ஃபோல்டரை எழுதினேன்? பழைய மதிப்பு காலியாக இருந்ததால், வரியின் கடைசியில் ஒரு முக்காற்புள்ளி தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இருக்கும் வெற்றிடத்துக்கு ‘நடப்பு ஃபோல்டர்’ என்று பொருளாம். எழுதாமல் விட்டதற்கும் பொருள் கண்டுபிடிக்கும் இந்தக் கெட்டிக்காரத்தனம் முந்தைய நாள் மாலை எங்கே போயிருந்தது? பில்ட் ஃபோல்டரை அடியோடு அழித்துவிட்டு, மூன்று வரிக் கட்டளையை மறுபடியும் முதலிலிருந்து தட்டினேன்.

இரவு ஏழு மணிக்கு, விருதம்பட்டிலிருந்து வரும் காவலாளி அண்ணன் சாவிக்கொத்தோடு வந்து நின்றார். திரையில் ஒப்பீடு ஓடிக்கொண்டிருந்தது. பழைய கம்பைலர் முதலாவதைக் கட்டும், முதலாவது இரண்டாவதைக் கட்டும், இரண்டாவது மூன்றாவதைக் கட்டும், கடைசி இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பைட் பைட்டாக ஒத்துப் பார்க்கும் என்று விளக்கினேன். “அப்ப அது மேலயே அதுக்கு நம்பிக்கை இல்லியா சார்?” என்றார்.

ஒப்பீடு வெற்றி. கை நடுங்க நிறுவும் கட்டளையைத் தட்டினேன். ‘யூஎஸ்ஆர் லோக்கல்’ ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லை என்றது. மேலே போய்ப் பார்த்தால், கடைசியாகத் தட்டிய அந்த மூன்று வரியில், எங்கே நிறுவ வேண்டும் என்ற பகுதியை மட்டும் விட்டிருக்கிறேன். அதைப் பற்றி ஒரு எச்சரிக்கை இல்லை, ஒரு கேள்வி இல்லை; இயல்பான இடத்தை அதுவாக எடுத்துக்கொண்டு நாள் முழுவதும் உழைத்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, வந்தது நிற்கவில்லை. “முடிஞ்சிதா சார்?” என்று கேட்ட அண்ணனும், காரணம் தெரியாமலேயே என்னோடு சேர்ந்து சிரித்துக்கொண்டு, மின்விசிறிகளை ஒவ்வொன்றாக அணைத்தார்.