கணிதத்தோடு இசையும் படித்தால் பட்டம் செல்லாதா?

"பி.எஸ்சி. கணிதம் படிக்கும் பிள்ளை கூடவே இசைப் படிப்பிலும் சேர்ந்தால் இரண்டு பட்டமும் செல்லாது" என்று மதுரைப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, இரண்டு முழுநேரப் படிப்புகளை ஒரே சமயத்தில் நேரடியாகவே படிக்கலாம். வகுப்பு நேரம் மோதக் கூடாது, அவ்வளவுதான். ஒன்றை நேரடியாகவும் மற்றதைத் தொலைநிலையிலும் படித்தாலும் சரி. முனைவர் படிப்புக்கு மட்டும் இது பொருந்தாது. நடைமுறை விதியைப் பல்கலைக்கழகங்களே வகுத்துக்கொள்வதால், சேரும் முன் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பசுமலை அரசு இசைக் கல்லூரியானாலும் முதலில் பார்க்க வேண்டியது நேர அட்டவணைதான்.

அந்தச் செய்தியின் கடைசி வரிதான் எனக்கு அதிகம் வலித்தது: "கணக்கு மண்டையில் பாட்டு ஏறாது." பாட்டுக்குள்ளேயே கணக்கு இருக்கிறது. கர்நாடக இசையில் மற்ற ராகங்களுக்குத் தாயான மேளகர்த்தா ராகங்கள் ஏன் 72? ஏழு ஸ்வரங்களில் ச, ப மாறாதவை. ரி-க சேரும் வகை 6, த-நி சேரும் வகை 6, பெருக்கினால் 36. மத்திமம் (ம) இரண்டு வகை, ஆக 72. மிருதங்கத்துக்கு வாருங்கள். ஆதி தாளத்தில் 8 அட்சரம் (தாள எண்ணிக்கை), ஒவ்வொரு அட்சரத்தையும் 4 மாத்திரையாகப் பிரித்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, 32. 'ததிங்கிணதொம்' என்ற மிருதங்கச் சொல் 5 மாத்திரை. மூன்று முறை வாசித்து நடுவே இரண்டு இடத்தில் ஒவ்வொரு மாத்திரை விட்டால் 17. அப்படியானால் சுற்று தொடங்கி 15 மாத்திரை கழித்து வாசிக்கத் தொடங்க வேண்டும், அப்போதுதான் சரியாகச் சமத்தில், அதாவது அடுத்த சுற்று தொடங்கும் இடத்தில், வந்து விழும். கணக்குப் பிடித்த பிள்ளை இதை ஆசையாகக் கற்றுக்கொள்ளும்.