இருமொழிப் பதிவுகளில் தமிழுக்கு எந்தப் பாதி?

காவிரிப் படுகையில் விவசாயச் செய்தி எழுதும் முகநூல் பக்கங்கள் பல இப்போது தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே பதிவில் கலந்தே எழுதுகின்றன. கலப்பை நான் குற்றமாகக் கருதவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளோடு மராட்டியக் கல்வெட்டும் இருக்கிறது; திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருதம், தெலுங்கு, தமிழ் மூன்றையும் கலந்து கீர்த்தனை இயற்றியிருக்கிறார். 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள் பிறந்ததும் இதே படுகையின் நாகப்பட்டினத்தில்தான். இரண்டு மரபும் நம்முடையவை.

என்னை வருத்துவது, எதை எந்த மொழியில் சொல்கிறோம் என்பதே. மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 நெருங்கினால் காவிரித்தாய்க்கு வரவேற்பு அழகான தமிழில் வந்துவிடுகிறது. மேட்டூரில் வினாடிக்கு எத்தனை கனஅடி திறக்கிறார்கள், கல்லணையில் வெண்ணாற்றுக்கும் கல்லணைக் கால்வாய்க்கும் எவ்வளவு பிரிக்கிறார்கள், முறைப்பாசனம் (முறை வைத்து நீர் விடுவது) உண்டா என்பவை மட்டும் ஆங்கிலத்துக்குப் போய்விடுகின்றன. அறுவடைக் காலத்திலும் இதுவே நடக்கிறது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பதும், சிட்டா, அடங்கல் ஆகிய நில, சாகுபடிப் பதிவுகளும் வங்கிப் புத்தகமும் வேண்டும் என்பதும் ஆங்கில வரிகளில் கிடக்க, 'உழவே தலை' என்ற வாழ்த்து மட்டும் தமிழில் நிற்கிறது. நெல்லைக் களத்தில் கொட்டிவிட்டு மழைக்கு அஞ்சிக் காத்திருக்கும் கடைமடை (கால்வாயின் கடைசிப் பகுதி) விவசாயிக்கு அந்த வாழ்த்தால் என்ன பயன்? திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்து, அவரிடம் கைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

டோக்கன், யூரியா, டிஎம்சி (நூறு கோடி கனஅடி நீர்) போன்ற சொற்களை யாரும் மாற்ற வேண்டியதில்லை. அவை வயல்வரப்பில் புழங்கும் சொற்கள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். ஒருவர் எழுதும் எழுத்துக்கூட்டல் இன்னொருவருக்கு ஒத்துவராததால் அப்பதிவைத் தேடி எடுப்பது கடினம். கண்பார்வை குன்றியவர்களுக்காகக் கைபேசி அதை உரக்கப் படித்தாலும் உச்சரிப்பு சிதைந்துவிடுகிறது. (தமிழ் எழுத்திலேயே எழுதத் தடையும் இல்லை: கணினிக்கான பொது எழுத்துக் குறியீடான யூனிக்கோடு 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் எழுத்துகளைச் சேர்த்துவிட்டது, இன்று பேசினாலே கைபேசி தமிழில் எழுதித் தருகிறது.)

வெளிநாட்டில் வளர்ந்து தமிழ் எழுத்தறியாத நம் பிள்ளைகளுக்காக ஆங்கிலம் இருக்கட்டும். அது கீழே, தனிப் பத்தியாக வரட்டும். மேலே உள்ள தமிழ்ப் பகுதி தேதி, அளவு, நிபந்தனை, விண்ணப்பிக்கும் இடம் அனைத்தையும் கொண்டு, அதை மட்டும் படித்தவரும் மறுநாள் காலை ஆவணங்களோடு கிளம்பும் அளவுக்கு முழுமையாக இருக்க வேண்டும். பக்கம் நடத்தும் நண்பர்கள் வரும் குறுவை நெல் பருவத்திலிருந்தே இதைச் செய்யத் தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.