பிள்ளைகளின் கால் விரல்களுக்கு இடம் விடுங்கள்

போன ஜூனில் மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கி வந்த அன்று, அவளைச் செய்தித்தாள் மேல் நிற்க வைத்துப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டேன். புது ஷூவை அந்தக் கோட்டின் மேல் வைத்தால் பெருவிரலின் ஓரமும் சுண்டுவிரலும் வெளியே நின்றன. நீளம் சரியாகத்தான் இருந்தது. கடைக்காரர் நுனியை அழுத்திப் பார்த்து "வளர இடம் இருக்கு சார்" என்றது பொய் இல்லை. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு விரல்கள் இருக்கும் பக்கம்தான் பாதம் அகலம். ஷூ அங்கேதான் குறுகுகிறது. எட்டு வயதுப் பிள்ளை தினமும் ஏழெட்டு மணி நேரம் அதைப் போட்டிருக்கிறாள். அதுவும் சாக்ஸோடு, மதுரை வெயிலில்.

அளந்து பார்க்க வைத்தது என் சொந்தக் கால் வலி. இரண்டு வருடம் முன்பு காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முதல் அடி வைக்க முடியாது, குதிகாலில் அப்படி ஒரு குத்தல். மெத்தென்ற தடித்த அடி உள்ள ஷூ வாங்கினேன். போட்டிருக்கும்போது இதமாக இருந்தது, கழற்றினால் வலி திரும்பியது. பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட் "மற்ற விரல்களைத் தரையில் வைத்துக்கொண்டு பெருவிரலை மட்டும் தூக்குங்க" என்றார். எனக்கு ஐந்தும் சேர்ந்துதான் எழுந்தன. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். எழுபது வயது, பாதி வாழ்க்கை வயல் வரப்பில் நடந்தவர். "இதென்னடா பெரிய விஷயம்" என்று பெருவிரலை மட்டும் அழகாகத் தூக்கிக் காட்டினார். அன்றுதான் உறைத்தது. ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். அவற்றை அசையவிடாமல் நாற்பது வருடம் பூட்டி வைத்திருக்கிறேன்.

பாதத்தின் வளைவைத் தாங்குவதில் உள்ளே இருக்கும் சின்னச் சின்னத் தசைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. வேலை கொடுக்காவிட்டால் எந்தத் தசையும் இளைக்கும். பிள்ளைகளுக்கோ எலும்பே இன்னும் முழுதாக இறுகவில்லை. நம் நாட்டிலேயே ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரண்டு மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 பிள்ளைகளின் காலடித் தடங்களை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்டார்கள். காலணி போடாத பிள்ளைகளில் 2.8 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், போட்டவர்களில் 8.6 சதவீதம். விரல்களை மூடும் ஷூ போட்டவர்களிடம் அதிகம், சாண்டலும் செருப்பும் போட்டவர்களிடம் அதைவிடக் குறைவு. தட்டைப் பாதம் எல்லாருக்கும் வலி தராது, உண்மைதான். ஆனாலும் முப்பது வருடத்துக்கு முன்பே இந்தியப் பிள்ளைகளிடம் எடுத்த இந்தக் கணக்கைப் பள்ளிச் சீருடை முடிவு செய்கிறவர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டாமா?

மினிமலிஸ்ட் ஷூ என்று இப்போது விற்கிறார்களே, அதில் மூன்று விஷயங்கள்தான்: விரல் பக்கம் அகலம், குதிகாலும் முன்பாதமும் ஒரே மட்டம், கையால் சுருட்டக்கூடிய மெல்லிய அடி. லிவர்பூல் பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதம் அன்றாடம் இப்படிப்பட்ட காலணியோடு நடந்தவர்களுக்கு விரல்களை மடக்கி அழுத்தும் பலம் சராசரியாக 57 சதவீதம் கூடியிருந்தது. விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். பின்பட்டை வைத்த தட்டையான அகலச் சாண்டலும் கிட்டத்தட்ட இதையே செய்யும். பட்டை முக்கியம். ஹவாய் செருப்பென்றால் கழன்று விழாமல் விரல்கள் அதைக் கவ்விக்கொண்டே நடக்க வேண்டியிருக்கும்.

அப்புறம், அவசரம் கூடாது. அமெரிக்காவில் 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பத்து வாரத்தில் இத்தகைய ஷூவுக்கு மாறிய ஓட்டக்காரர்களில் பாதிப் பேருக்கு மேல் பாத எலும்புக்குள் வீக்கம் கண்டது. நான் வீட்டுக்குள் வெறுங்காலோடு ஆரம்பித்து, வெளியே தினமும் பத்து நிமிடம் என்று கூட்டி, முழுதாக மாற எட்டு மாதம் எடுத்துக்கொண்டேன். இப்போது காலையில் வலி இல்லை.

சர்க்கரை நோயால் காலில் உணர்வு மங்கியவர்கள் தயவுசெய்து இதை முயல வேண்டாம். கொல்லிமலையில் பிறந்து வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் காயம் மேல் காயம் பட்டுத்தான் அழிகிறது என்று காட்டினார். அவர்களுக்கு மெத்தென்ற ரப்பர் செருப்புதான் காவல். சர்க்கரையால் மரத்த காலுக்கும் அதே நியாயம்தான். தெருவில் வெறுங்காலோடு நடக்கவும் நான் சொல்லவில்லை. கண்ணாடிச் சில்லும் கொக்கிப்புழுவும் நம் மண்ணில் இருக்கின்றன.

நான் கேட்பது ஒன்றுதான். கறுப்பு ஷூவுக்குப் பதில் பின்பட்டை வைத்த கறுப்புச் சாண்டலை அனுமதியுங்கள் என்று மகளின் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தேன். "சீருடை ஒழுங்கு கெடும்" என்று பதில் வந்தது. வரும் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். பென்சில் கோடு போட்ட அந்தச் செய்தித்தாளையும் ஷூவையும் எடுத்துக்கொண்டு போகிறேன். அதே பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், நீங்களும் ஒரு தாளில் கோடு போட்டு எடுத்து வாருங்கள்.