ஏழு சூரியன் படத்தை நம்பி மலை ஏறாதீர்கள்

செப்டம்பர் பிறந்தாலே எனக்கு வானிலைச் செயலிகளின் ஸ்க்ரீன்ஷாட்கள் வர ஆரம்பித்துவிடும். "அடுத்த வாரம் மலைக்குப் போறோம், ஏழு நாளும் வெயில்தான்" என்று ஒரு வரி, அதோடு வரிசையாக ஏழு சூரியன், ஒவ்வொன்றின் கீழும் 21, 22, 20 என்று எண்கள். கணிப்பே பொய் என்று சொல்லும் ஆள் நான் இல்லை. வானிலைக் கணிப்பு இன்று இருக்கும் தரத்துக்கு அதைத் திட்டுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும். ஆனால் கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி கண்டத்தின் உள்பகுதியில் இருக்கும் மலைகளுக்கு, அதுவும் கோடை முடிந்து இலையுதிர்காலம் எட்டிப் பார்க்கும் இந்த வாரங்களில், ஒரு நாளைக்கு ஒரு படம், ஒரு எண் என்பது போதவே போதாது.

முதலில் அந்த 21 டிகிரி எந்த உயரத்துக்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் அது அடிவாரத்து ஊருக்கு. மேலே போகப் போக 1,000 மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். ஊர் 1,000 மீட்டரில், நீங்கள் கடக்கப்போகும் கணவாய் 2,800 மீட்டரில் என்றால் அங்கே 21 இல்லை, 9 தான். அதோடு மணிக்கு 40 கிலோமீட்டர் காற்றும் அடித்தால் உடம்புக்கு 5 டிகிரி போலத்தான் இருக்கும். சட்டை வியர்வையில் நனைந்திருந்தால் இன்னும் மோசம். இத்தனைக்கும் ஸ்க்ரீன்ஷாட்டில் இருப்பது அதே சூரியன்தான்!

இதில் கணிப்பு மாதிரிகளின், அதாவது வானிலையைக் கணக்கிடும் கணினி நிரல்களின், குறையும் கொஞ்சம் உண்டு. உலகத்திலேயே சிறந்ததாகச் சொல்லப்படும் ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் (ECMWF) மாதிரிகூட பூமியை சுமார் 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகிறது. ஒன்பது கிலோமீட்டருக்குள் ஒரு சிகரம், ஒரு பள்ளத்தாக்கு, ஒரு ஏரி எல்லாமே அடங்கிவிடும். மாதிரிக்கு அது வெறும் சராசரி உயரமுள்ள ஒரு மேடு, அவ்வளவுதான்.

அடுத்தது இரவு. இதைத்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். வானம் தெளிவாக, காற்று வறண்டு, அசைவில்லாமல் இருந்தால் பகலில் வாங்கிய சூட்டைத் தரை இரவில் தங்குதடையில்லாமல் வெளியே விட்டுவிடும். தடுக்க மேகமும் இல்லை, ஈரப்பதமும் இல்லை. மிதப்படுத்தக் கடலும் பக்கத்தில் இல்லாததால் பகலுக்கும் விடியற்காலைக்கும் இடையே 20 டிகிரி வித்தியாசம் சாதாரணமாக வரும். இரவும் வேறு நீண்டுகொண்டே போகிறது, 45 டிகிரி அட்சரேகைப் பக்கம் இந்த நாட்களில் தினமும் மூன்று நிமிடம் பகல் குறையும். ஆக, சூரியன் படம் போட்டிருக்கும் நாளின் இரவில்தான் உறைபனிக்கு வாய்ப்பு அதிகம். மேகமூட்டம் என்று போட்டிருந்தால் குளிர் ஓரளவு தாங்கும்படி இருக்கும்.

குளிர்ந்த காற்று கனமானது, சரிவு வழியாகத் தண்ணீர் மாதிரி இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஓடைக்குப் பக்கத்தில் புல்வெளி சமமாக இருக்கிறதே என்று கூடாரம் போடுகிறார்களே, அந்த இடம்தான் சுற்றுவட்டாரத்திலேயே அதிகம் குளிரும் இடம். விடியும்போது கூடாரத்துணியின் உள்பக்கம் நம் மூச்சே வெள்ளைப் படலமாக உறைந்திருக்கும், தோள் பட்டால் பொலபொலவென்று முகத்தில் உதிரும். சரிவில் அம்பதோ நூறோ மீட்டர் மேலே ஏறிப் போட்டிருந்தால் சில டிகிரி கதகதப்பாகவே இருந்திருக்கும். பள்ளத்தாக்கில் காலை மூடுபனி அடைத்துக்கொண்டு நிற்பதும் இதே காரணத்தால்தான். கீழே இருப்பவர் மழை நாள் என்று நினைப்பார், மேலே இருப்பவருக்குக் கண் கூசும் வெயில்.

சரி, பருவம் மாறும்போது எவ்வளவு வேகமாகத் தலைகீழாகும் என்பதற்கு அமெரிக்காவில் ராக்கி மலை அடிவாரத்து டென்வர் நகரம் போதும். 2020 செப்டம்பர் 5 அன்று அங்கே 38 டிகிரி. 7ஆம் தேதிகூட 34 டிகிரி வரை போனது. 8ஆம் தேதி பனிப்பொழிவு! வடக்கிலிருந்து இறங்கும் குளிர்காற்று ராக்கியின் கிழக்குப் பக்கச் சமவெளி வழியாகத் தடையில்லாமல் வந்துவிடும், மலைத்தொடர் வடக்கு தெற்காகக் கிடப்பதால் குறுக்கே எதுவும் இல்லை. முக்கியமான விஷயம், இதைக் கணிப்பாளர்கள் சில நாள் முன்பே சொல்லிவிட்டார்கள். அதே பகுதியில் போல்டர் என்ற ஊரில் 2013 செப்டம்பரில் ஒரே வாரத்தில் சுமார் 430 மில்லிமீட்டர் கொட்டியது. அங்கே வருஷம் முழுக்கப் பெய்வதே 500ஐக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். உள்நாடு, வறண்ட பிரதேசம், மழையாவது ஒன்றாவது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

என் உண்மையான சண்டை செயலிகளோடுதான். நாளைய வெப்பநிலையையும் ஏழாவது நாள் வெப்பநிலையையும் ஒரே எழுத்தில், ஒரே தைரியத்தில் எப்படிப் போடுகிறார்கள்? அந்த ஐரோப்பிய மையமே ஒரு கணிப்போடு நிறுத்திக்கொள்வதில்லை. தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி 51 முறை ஓட்டிப் பார்க்கிறது. நாளைக்கு அந்த 51ம் கிட்டத்தட்ட ஒரே பதிலைச் சொல்லும். ஏழாம் நாளுக்கு ஒன்று 22 என்னும், இன்னொன்று 6 டிகிரியும் பனிப்பொழிவும் என்னும். இந்த விரிசல்தான் பயணம் போகிறவனுக்குத் தேவையான தகவல். அதைச் சராசரியாக்கி 16 என்று போட்டு மேலே ஒரு மேகத்தை ஒட்டிவிட்டால் யாருக்கு என்ன பயன்? அந்த 16 வரவே வராமல்கூடப் போகலாம்.

நான் பார்ப்பது வேறு. உறைநிலை, அதாவது காற்று பூஜ்ய டிகிரியைத் தொடும் மட்டம், எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் முதலில். திங்களன்று 4,000 மீட்டரில் இருப்பது வியாழனன்று 2,200க்கு இறங்குகிறது என்றால், ஊரில் வெறும் தூறல்தான் என்றாலும் கணவாயில் பனிப்பொழிவு என்று அர்த்தம். பனி உறைநிலைக்குக் கீழேயும் இருநூறு முன்னூறு மீட்டர் வரை உருகாமல் வந்து விழும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் மேலே காற்று எந்தத் திசைக்கு எப்போது திரும்புகிறது, மழை வாய்ப்பு 30 சதவீதம் என்றால் எந்த மணி நேரத்தில். மத்தியானம் மூன்று மணிக்கு இடி என்றால் விடியலில் கிளம்பிச் சமாளிக்கலாம். நாள் முழுக்கப் பரவிய 30 வேறு விஷயம்.

கடைசியாக, பல நாட்டு வானிலை அலுவலகங்கள் கணிப்பாளர் கைப்பட எழுதும் விளக்கத்தையும் வெளியிடுகின்றன, யாரும் படிப்பதில்லை. குளிர்முகப்பு (குளிர்காற்று முன்னேறி வரும் விளிம்பு) வியாழன் இரவு வரும், ஆனால் அரை நாள் முன்பின் ஆகலாம் என்கிற மாதிரி வாக்கியம் அதில்தான் கிடைக்கும். அதைப் படித்துவிட்டு, உயரமான கணவாயை முதல் மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள், வாரக் கடைசிக்குக் கீழே காட்டுப் பாதைகளை வைத்துக்கொள்ளுங்கள்.